ஏழாம் சேனல்ல யாரும் இல்ல

அந்த அஞ்சு மாடி ஃபிளாட்ல அவளுக்குப் பேரு ஆன்டெனா. அந்தப் பேரு விழுந்தப்போ மொட்டை மாடில ஒரு ஆன்டெனாவும் இல்ல, அதான் கூத்து. கண்ணாடிக் கடைல லென்ஸைத் தேச்சு ஃப்ரேம்ல உக்கார வெக்கிற வேலை அவளுக்கு. ஆனா வாயைத் திறந்தா ரேடியோதான். வாக்கி டாக்கி எவ்வளவு தூரம் எட்டும், உயரத்துல வெச்சா இன்னும் எவ்வளவு எட்டும், கேபிள் நீளமானா எவ்வளவு வீணாப் போகும்னு ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டா. லிஃப்ட்ல அவகிட்ட மாட்டுனவங்க தன் மாடி வர்றதுக்கு ஒரு மாடி முன்னாடியே எறங்கி, மிச்சத்தப் படியேறிப் போயிருக்காங்க. சத்தியமா.

இந்தப் பைத்தியம் அவளுக்குச் சும்மா பிடிக்கல. அக்காவாலதான் பிடிச்சுச்சு. அக்காவும் அவளும் ஒரே தெருவுல குடியிருந்தவங்க. சாயங்காலம் ஆச்சுன்னா ஒருத்தி வீட்டுல இன்னொருத்தி. காய் நறுக்கிட்டே ஊர் வம்பு மொத்தத்தையும் நறுக்குவாங்க. அப்புறம் அக்காவுக்கு மலைக்கு அந்தப் பக்கம் மாத்தல் வந்துச்சு. ஊருக்குத் தண்ணி அனுப்புற பம்ப் ஹவுஸ்ல ஆபரேட்டர் வேலை, பக்கத்துலயே குவார்ட்டர்ஸ். போன் சிக்னல் அங்க சுத்தமா கிடையாது. ஒரு வார்த்தை பேசணும்னா அணைக்கட்டு மேல வரைக்கும் நடந்து போய், கையத் தூக்கிக்கிட்டு நிக்கணும். அக்கா ரெண்டு நாள் நின்னா. மூணாவது நாள் காத்துல துப்பட்டா பறந்து தண்ணில விழுந்துச்சு, அதோட விட்டுட்டா.

தங்கச்சிக்குச் சாயங்காலம்னா என்ன பண்றதுன்னே தெரியாமப் போச்சு. புருஷன்கிட்ட பேசிப் பாத்தா. அவன் பிரெட் வேன் ஓட்டுறவன், விடியறதுக்கு முன்னாடியே எழுந்திரிக்கிற ஆளு. சாயங்காலம் அவன்கிட்ட வம்பு பேசுனா பாதி வம்புல குறட்டை வந்துடும்.

அப்போதான் கடைக்கு வந்த ஒரு ஆளு மூக்குக் கண்ணாடியோட சேத்து வாக்கி டாக்கி ஒண்ணையும் மேஜை மேல வெச்சான். இவ கண்ணு லென்ஸை விட்டுட்டு அது மேல போச்சு. அவ்வளவுதான், போச்சு.

ரூல் மொத்தமும் அவளுக்கு மனப்பாடம். சும்மா கையில பிடிச்சுப் பேசுற சின்ன செட்டுக்கு லைசென்ஸ் வேணாம், யாரு வேணா பேசலாம். ஆனா வெளிய ஆன்டெனா வெச்சு தூரத்துக்குப் பேசணும்னா குடும்ப லைசென்ஸ் வாங்கணும். ஒருத்தர் வாங்குனா அக்கா, தங்கச்சி, மச்சான், மாமா எல்லாரும் அதுலயே பேசலாம். பேசும்போது லைசென்ஸ்ல குடுத்த கால் சைனை, அதாவது ஆளை அடையாளம் காட்டுற எழுத்தையும் நம்பரையும், சொல்லணும். கட்டடத்துக்கு மேல ஆறு மீட்டர்தான் உயரம். சேனல் யாருக்கும் சொந்தம் இல்ல, எல்லாருக்கும் பொது. அதனால எல்லாத்துக்கும் முதல் ரூல் என்னன்னா, பேசுறதுக்கு முன்னாடி கேளு. யாராவது பேசிட்டு இருந்தா வாய மூடிட்டுக் காத்திரு.

"மாமியாரு கூட இவ்வளவு ரூல் போடல உனக்கு"ன்னான் புருஷன்.

"உங்க அம்மாவுக்கு லைசென்ஸ் குடுக்குற அதிகாரம் இல்லைல்ல, அதான்"னா இவ.

லைசென்ஸ் வந்துடுச்சு. மாடிக்குத்தான் பெர்மிஷன் வரல. அது செகரட்டரி கையில இருந்துச்சு. செகரட்டரின்னா அந்த ஃபிளாட்டுக்கே தலைவரு. லிஃப்ட்ல ஈரக் குடை கொண்டு வராதீங்கன்னு ஒரு நோட்டீஸ், படில பந்து விளையாடாதீங்கன்னு ஒரு நோட்டீஸ், நோட்டீஸைக் கிழிக்காதீங்கன்னு ஒரு நோட்டீஸ். கக்கத்துல எப்பவும் ஒரு பேப்பர் கட்டு, பாக்கெட்ல செல்லோ டேப். இவ அவருக்கு நடமாடும் நோட்டீஸ் போர்டுன்னு பேரு வெச்சிருந்தா. அது அக்காவுக்கும் புருஷனுக்கும் மட்டும் தெரிஞ்ச பேரு.

"வெச்சுக்கோம்மா"ன்னாரு செகரட்டரி, ரொம்ப நேரம் யோசிச்சு. "ஆனா ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட். ஒண்ணே ஒண்ணு வந்துச்சுன்னாலும் அன்னைக்கே கழட்டிடணும்."

"வராது சார். நான் ரூலை மீறுற ஆளே இல்ல."

"அப்படித்தான் குடைக்காரங்களும் சொன்னாங்க."

அடுத்த லீவு நாள்ல வேலைய ஆரம்பிச்சாச்சு. இரும்புக் குழாய், கிளாம்ப், கேபிள், எர்த் கம்பி, கருப்பு டேப்னு எல்லாத்தையும் புருஷன் மாடிக்குத் தூக்கிட்டு வந்தான். வந்தவன் படிக்கட்டு வாசல்லயே நின்னுட்டான்.

"உள்ள வாங்களேன்."

"இங்கேர்ந்தே புடிச்சிக்கிறேனே."

"குழாய் இங்க இருக்கு, நீங்க அங்க நின்னு எதப் புடிப்பீங்க, என் கையையா?"

"அடியேய், பல்பு மாத்த ஸ்டூல் மேல ஏறுனாலே எனக்குக் கால் தந்தி அடிக்கும். உனக்குத் தெரியாதா?"

கடைசில கண்ண மூடிக்கிட்டு, சுவரத் தடவிக்கிட்டே வந்து குழாயக் கட்டிப் புடிச்சான். புடிச்சது இவன் குழாயையா குழாய் இவனையான்னு சொல்ல முடியாத மாதிரி ஒரு பிடி. இவ கரண்டுக் கம்பி எந்தப் பக்கம் போகுதுன்னு ரெண்டு தரம் பாத்தா. குழாய் சாஞ்சு விழுந்தாலும் கம்பியத் தொடாத மூலையா பாத்து எடுத்தா. ஆன்டெனாவ கீழ வெச்சே குழாய் நுனில முறுக்கி, அப்புறம் தூக்கி நிறுத்தி, கைப்பிடிச் சுவர்ல கிளாம்ப் போட்டு இறுக்குனா. இடி இறங்குனா வீட்டுக்குள்ள வராம மண்ணுக்குப் போறதுக்கு எர்த் கம்பி. மழைத் தண்ணி கேபிளப் புடிச்சு ஜன்னல் வழியா வந்துடாம இருக்க ஜன்னலுக்குக் கீழ ஒரு தொங்கல் வளையம். டேப் போட்டு உயரத்த அளந்தா. அஞ்சே முக்கால் மீட்டர்.

"ஆறு ஆகலையே, இன்னும் கொஞ்சம் தூக்கலாமே"ன்னான் புருஷன், கண்ண மூடிக்கிட்டே. என்ன தைரியம் பாருங்க.

"வேணாம். ரூல்ல ஒரு விரக்கடை மிச்சம் வெக்கணும்."

மலைக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டுல மாமா, அதாவது அக்கா புருஷன், ஒரு மரத்துல ஏறி உச்சிக் கொம்புல இன்னொரு ஆன்டெனாவக் கட்டியிருந்தாரு. ஏறும்போது ஒண்ணும் இல்ல, எறங்கும்போது கிளைல தாடை இடிச்சு கடவாய்ப் பல்லு ஒண்ணு ஆடிப் போச்சு. அந்தப் பல்லை ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

இவ செட்டை எடுத்தா. ஏழாம் சேனல். மூணு எண்ணுற வரைக்கும் கேட்டா. பட்டனை அமுக்குனா. "அக்கா, டி எஃப் முன்னூத்தி நாப்பத்தொண்ணு, கேக்குதா? ஓவர்."

கர்ர்னு ஒரு சத்தம். அப்புறம், "அடியே! பக்கத்து ரூம்ல நின்னு பேசுற மாதிரி இருக்குடி!"

இவ செட்டை ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. ஆனா ரூல் ரூல்தான். "அக்கா, கால் சைன் சொல்லு. ஓவர்."

"உன் தலை. ஓவர்."

அன்னைக்குச் சாயங்காலமே அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. "ஏய், இது எல்லாருக்கும் பொதுன்னியே. அப்போ நாம பேசுறத கண்டவனும் கேப்பானா? உன் மாமா பல்லு விஷயமெல்லாம் ஊருக்கே தெரிஞ்சா மானம் போயிடும்."

இவளுக்கும் பக்குன்னுச்சு. செட்டோட மெனுவைக் குடைஞ்சா. உள்ள பிரைவசி கோடுன்னு ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு செட்லயும் ஒரே நம்பர் போட்டா, அந்த ரெண்டும் மட்டும்தான் ஒண்ணோட ஒண்ணு பேசும். பேரே பிரைவசி, அப்புறம் என்ன? இருபத்திமூணாம் நம்பரைப் போட்டா, அக்காவையும் போட வெச்சா.

"இனி ஈ காக்கா கூடக் கேக்க முடியாது. நீ தைரியமாப் பேசுக்கா."

அக்கா பேசுனா பாருங்க, அணையைத் திறந்து விட்ட மாதிரி.

தினமும் கடை விட்டு வந்ததும் முதல் வேலை அதுதான். இவ ஜன்னல்கிட்ட ஸ்டூலைப் போட்டு உக்காருவா. சேனலைக் கேப்பா. யாரும் இருக்க மாட்டாங்க. ஒரு நாள் கூட யாரும் இருந்ததில்ல. "இந்த ஊர்ல ரேடியோவோட அருமை தெரிஞ்சவ நான் ஒருத்திதான்"னு புருஷன்கிட்ட பெருமையாச் சொல்லிக்குவா. அப்புறம் பட்டனை அமுக்குவா, மாமாவோட பல்லு ஆரம்பிச்சுடும்.

பல்லு ஆடுது, ஆனா விழல. டாக்டர்கிட்ட போக மாமாவுக்குப் பயம். தினமும் ஒரு சாக்கு. இன்னைக்கு மோட்டார் ரிப்பேரு, நாளைக்கு மழை, அதுக்கு மறுநாள் "டாக்டரு மூஞ்சியே சரியில்ல, போன தரம் பாத்தேன்"னு ஒரு காரணம். ஒரு நாள் பல்லுல நூலைக் கட்டி, நூலைக் கதவுல கட்டி, கதவைச் சாத்தச் சொல்லியிருக்காரு. அக்கா சாத்துனா. கதவுக் கைப்பிடிதான் பிடுங்கிட்டு வந்துச்சு.

பல்லு முடிஞ்சா நோட்டீஸ் போர்டு. "இன்னைக்கு என்ன நோட்டீஸ்டி? ஓவர்"னு அக்கா கேப்பா. இவ ஏத்த இறக்கத்தோட அவரு குரல்லயே படிச்சுக் காட்டுவா. ஆனா ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா அவரை ரொம்ப ஓட்டுனப்போ இவ சொன்னா, "சும்மா சொல்லக் கூடாதுக்கா. மழைல எங்க மாடி பைப் உடைஞ்சப்போ எல்லாரும் போர்வைக்குள்ள இருந்தாங்க. அந்த மனுஷன் ஒருத்தர்தான் முழங்கால் தண்ணில நின்னு வால்வை மூடுனாரு. மறுநாள் அதப் பத்தி ஒரு நோட்டீஸ் கூட ஒட்டல, பாத்துக்கோ."

"அட! ஓவர்"னா அக்கா. பேச்சு மறுபடியும் பல்லுக்குப் போயிடுச்சு.

பேசிக்கிட்டே இவ ஜன்னல் வழியா வேடிக்கை பாப்பா. பின்னாடித் தெருவுல புதுசா ஒரு கட்டடம் எழும்பிட்டு இருந்துச்சு, நடுவுல வானத்துக்கு ஒரு டவர் கிரேன். இவ பட்டனை அமுக்குற நேரம் பாத்து அந்தக் கிரேன் நின்னுடும். கம்பிக் கட்டு அந்தரத்துலயே தொங்கும். 'நமக்குப் பேச்சு நேரம், அவங்களுக்கு டீ நேரம் போல'ன்னு நெனச்சுக்குவா. பொருத்தமாத்தான் இருந்துச்சு.

அதே வாரம் வியாழக்கிழமை காத்து அடிச்ச அடில ஆன்டெனாக் குழாய் திரும்பி, கொஞ்சம் கீழயும் சறுக்கிடுச்சு. அக்கா குரல் வாய்ல துணி வெச்சுப் பேசுற மாதிரி வந்துச்சு. இவ ஸ்பேனரை எடுத்துக்கிட்டா.

"நான் மேல போறேன். நீங்க இங்க செட்டுகிட்ட உக்காந்து அக்கா குரலைக் கேட்டு எனக்குச் சொல்லுங்க. எங்கிட்டயும் ஒரு செட் இருக்கு. பேசுறதுக்கு முன்னாடி சேனலைக் கேக்கணும், மறக்காதீங்க."

"கேட்டேன் தாயே. கல்லறை மாதிரி இருக்கு."

அப்புறம் மேல காத்து, கீழ இவன். மாடிக்குப் போக வேண்டாம்னதுல அவனுக்கு அப்படி ஒரு உற்சாகம், குரலுக்குத் தனி கம்பீரமே வந்துடுச்சு. "தூக்கு. இன்னும் தூக்கு. ஆங், இடது பக்கம் திருப்பு. திருப்பு, திருப்பு. போதும். நிறுத்து. இப்போ மெதுவா இறக்கு. இன்னும் கொஞ்சம். அங்கயே விடு. பிரமாதம்!"

பிரமாதமாத்தான் கேட்டுச்சு. அக்காவே கை தட்டுனா.

கொஞ்ச நேரத்துல கதவைத் தட்டுனது செகரட்டரி. கக்கத்துல பேப்பர் இல்ல. அதுக்குப் பதிலா கையில ஒரு பழைய வாக்கி டாக்கி. முகம் ஒரு தினுசா இருந்துச்சு, கோபம்னும் சொல்ல முடியாது.

"கம்ப்ளெய்ன்ட் வந்துடுச்சும்மா."

"யாரு சார்?"

"பின்னாடி கட்டுற பில்டிங் சூப்பர்வைசர். அவங்க கிரேனுக்குக் கீழேர்ந்து ரேடியோலதான் ஆர்டர் குடுக்குறாங்க. தெனமும் சாயங்காலம் உங்க ரெண்டு பேர் பேச்சு குறுக்க வருதாம், அது முடியற வரைக்கும் வேலையே நடக்கலையாம். அதக் கூடப் பொறுத்துக்கிட்டாங்க. இன்னைக்கு ஒரு டாய்லெட் கேபினைத் தூக்கி ஓரமா வெக்கப் போயிருக்காங்க. காலி கேபின்தான், கீழயும் யாரும் இல்ல, நல்ல வேளை. அப்போ எவனோ ஒருத்தன், தூக்கு, இடது பக்கம் திருப்பு, இறக்கு, அங்கயே விடுன்னிருக்கான். கிரேன்காரன் தன் ஆளுதான்னு நெனச்சு அப்படியே செஞ்சுட்டான். கேபின் போய் உக்காந்தது சூப்பர்வைசர் ஆபீஸ் வாசல்ல. கதவைத் திறக்க முடியாம அந்த ஆளு ஜன்னல் வழியா எகிறிக் குதிச்சு வந்திருக்காரு. பேன்ட் கிழிஞ்சிருந்துச்சு, நானே பாத்தேன்."

புருஷன் மெதுவா எழுந்து பாத்ரூம் பக்கம் நகர்ந்தான்.

"அது நாங்களா இருக்க முடியாது சார்!"னா இவ. "நாங்க பிரைவசி கோடு போட்டிருக்கோம். நாங்க பேசுறது யாருக்குமே கேக்காது. அதுவும் இல்லாம நான் ஒவ்வொரு தரமும் கேட்டுட்டுத்தான் பேசுறேன். ஏழாம் சேனல்ல யாருமே இல்ல. வேற எவனோ பண்ணிட்டு எங்க மேல பழியப் போடுறாங்க."

செகரட்டரி அவளையே பாத்தாரு. "எனக்கு ஏதாவது பேரு கீரு வெச்சிருக்கியாம்மா?"

"சேச்சே! என்ன சார் நீங்க!"

"ம். சரி. அவசரப்பட்டு முடிவு பண்ண மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் மாடில வெச்சு டெஸ்ட். அதுவரைக்கும் நீங்க வழக்கம் போலப் பேசுங்க, இதோ அவங்க செட்டு ஒண்ணு சாட்சிக்கு எங்கிட்ட இருக்கு. உங்க பேச்சுதான்னு உறுதியாச்சுன்னா ஆன்டெனா எறங்கிடணும். அதான் பேச்சு."

அவரு போனதும் புருஷன் தலைய நீட்டுனான். "அந்தாளு சொன்னது அப்படியே நான் சொன்ன வார்த்தைடி. வரிசை கூட மாறல."

"உலகத்துல 'இடது பக்கம் திருப்பு'ன்னு நீங்க ஒருத்தர்தான் சொல்வீங்களா? பேசாம இருங்க."

சொல்லிட்டாளே தவிர, அன்னைக்கு அவளுக்குச் சோறு இறங்கல. ஆன்டெனா போனா அக்கா குரல் போச்சு. அக்கா மறுபடியும் மலைக்கு அந்தப் பக்கம் போயிடுவா, அவ்வளவுதான். அதுக்காகவாவது தான் சொல்றது சரியா இருந்தாகணும்னு இருந்தா.

சனிக்கிழமை மாடில மூணு பேரு. இவ, செகரட்டரி, படிக்கட்டு வாசல்ல புருஷன். எதிர்ல கிரேன் கம்பிக் கட்டோட மெதுவாத் திரும்பிட்டு இருந்துச்சு.

"உன் செட்டை ஆன் பண்ணு. ஏழுல யாராவது இருக்காங்களா?"

இவ ஆன்டெனா கேபிளை செட்ல மாட்டி காதுல வெச்சா. மூணு எண்ணுனா. இன்னொரு மூணும் எண்ணுனா. "யாருமே இல்ல சார்."

செகரட்டரி தன் கையில இருந்த செட்டைத் திருகுனாரு. "கழுகு, கழுகு, கீழேர்ந்து பேசுறேன். மூணு கட்டு இருக்கு. மெதுவா"ன்னு ஒரு குரல். உடனே இன்னொரு குரல், "கழுகு ரெடி. தூக்குறேன்." எதிர்ல கிரேன் தூக்குச்சு.

இவ செட்ல மூச்சு பேச்சு இல்ல.

இவ கிரேனைப் பாத்தா. அவரு செட்டைப் பாத்தா. தன் செட்டைப் பாத்தா. திரையில சின்னதா இருபத்திமூணுன்னு மின்னிட்டு இருந்துச்சு. கண்ணாடிக் கடைல ஒருத்தர் தப்பான பவர் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஊரே மங்கலா இருக்குன்னு சண்டை போட்டது திடீர்னு ஞாபகம் வந்துச்சு. காதுல சூடு ஏறுச்சு.

"சார்..."

"சொல்லு."

"இந்தக் கோடு நாங்க பேசுறத மறைக்கல சார். மத்தவங்க பேசுறத எங்க காதுல விழாமப் பண்ணிருக்கு, அவ்வளவுதான். வீட்டுக் கதவ விரியத் திறந்து போட்டுட்டு, காதப் பொத்திக்கிட்டு கத்திட்டு இருந்திருக்கோம். நான் தெனமும் கேட்டேன் சார், சத்தியமாக் கேட்டேன். பொத்துன காதோட கேட்டேன்."

படிக்கட்டு வாசல்லேர்ந்து புருஷன், "அப்போ பல்லு, கதவுக் கைப்பிடி எல்லாம்?"

"எல்லாம்"னாரு செகரட்டரி. "அந்த சூப்பர்வைசர் மாடில ஆன்டெனாவப் பாத்துட்டு நம்ம கேட்ல வந்து வாட்ச்மேன்கிட்ட என்ன கேட்டாருன்னு தெரியுமா? 'இங்க நடமாடும் நோட்டீஸ் போர்டு சார் வீடு எது'ன்னு கேட்டிருக்காரு. கிண்டல் இல்ல. அதான் என் பேருன்னே நெனச்சிருக்காரு. வாட்ச்மேனும் ஒரு செகண்ட் கூட யோசிக்காம என் வீட்டக் காட்டியிருக்கான்."

புருஷன் சட்டுன்னு வானத்துல ஏதோ பறவையத் தேட ஆரம்பிச்சான்.

இவளுக்கு மாடி பொளந்து உள்ள வாங்கிக்கிட்டா தேவலாம்னு இருந்துச்சு. ஸ்பேனரை எடுத்தா, கைப்பிடிச் சுவர்கிட்ட போனா, கிளாம்ப்ல வெச்சா. "முதல் ரூலையே மீறியிருக்கேன் சார். யாரும் கழட்டச் சொல்ல வேணாம், நானே கழட்டிடறேன். ஆனா அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுடறேன்."

மெனுல போய், கேக்குற பக்கத்துக் கோடை ஜீரோ பண்ணா.

அப்படியே கொட்டுச்சு. கழுகும் கீழயும் ஒரு பக்கம். எங்கயோ கார் பார்க்கிங்ல ஒருத்தன் "வெள்ளைக் காரை எடுக்கச் சொல்லுப்பா." ரெண்டு பொடிசுங்க "நீ எங்க ஒளிஞ்சிருக்க?" "சொன்னா அப்புறம் எப்படி ஒளியறது?" இவ்வளவு நாளா இதெல்லாம் அவ தலைக்கு மேலயே ஓடிட்டு இருந்திருக்கு. இந்த ஊர்ல ரேடியோவோட அருமை தெரிஞ்சவ தான் ஒருத்திதான்னு சொன்னாளே, அவ வாயிலயே போட்டுக்கணும் போல இருந்துச்சு.

காத்திருந்தா. எல்லாரும் ஓய்ஞ்சதும் பட்டனை அமுக்குனா. "டி எஃப் முன்னூத்தி நாப்பத்தொண்ணு. கிரேன்காரங்களுக்கு. தெனமும் உங்க வேலைல குறுக்க பேசுனது நாங்கதான். உங்களக் கேக்காமலே பேசிட்டோம். டாய்லெட் கேபின் எங்க வீட்டுக்காரரு. மன்னிச்சுடுங்க. இனிமே தொந்தரவு இருக்காது, ஆன்டெனாவக் கழட்டுறோம். ஓவர்."

எதிர்ல கிரேன் நின்னுடுச்சு.

"அய்யோ அக்கா, கழட்டாதீங்க!" கழுகோட குரல். கேட்டா இருபது வயசு இருக்கும். "இவ்வளவு உயரத்துல நான் ஒத்த ஆளு. காத்தையும் என்னையும் தவிர யாரும் இல்ல. சாயங்காலம் நீங்க வந்தாத்தான் நேரமே போகும். நாங்க எத்தனை தரம் 'அக்கா, வேலை நடக்குது'ன்னு கத்திருக்கோம் தெரியுமா? நீங்க பாட்டுக்குப் பல்லப் பத்தியே பேசுவீங்க. அப்புறம் எங்களுக்கே கேக்கணும் போல ஆயிடுச்சு. அந்த செகரட்டரி கழட்டச் சொல்றாரா?"

செகரட்டரி செட்டை வாய்க்குப் பக்கத்துல கொண்டு போனாரு. மூணு எண்ணுனாரு. இவ கண்ணால பாத்தா, உதடு அசைஞ்சு எண்ணுனாரு. "செகரட்டரிதான் பேசுறேன். என்னை என்னென்ன சொல்லியிருக்காங்கன்னு நீயும் கேட்டிருப்பியே."

"கேட்டேன் சார். ஆனா நீங்க ரெண்டு நாளாத்தான கேக்குறீங்க? செவ்வாய்க்கிழமை சொன்னதக் கேக்கலையே. முழங்கால் தண்ணில நின்னு வால்வை மூடுனது நீங்கதானாமே? நீங்க ஒருத்தர்தான் வந்தீங்கன்னு உங்க ஃபிளாட் அக்காதான் சொல்லுச்சு. கீழ நாங்க எல்லாரும் உங்களப் பத்தியேதான் பேசிட்டு இருந்தோம் சார்."

செகரட்டரி பாக்கெட்ல கைய விட்டு செல்லோ டேப்பை எடுத்தாரு, பாத்தாரு, திரும்ப வெச்சாரு.

"வேலை நேரத்துல பேசுறது தப்புதான சார்"னா இவ மெதுவா.

"ஆறு மணிக்கு கிரேன் நின்னுடும்க்கா"ன்னு கழுகு. "அதுக்கப்புறம் நான் கீழ எறங்குறதுக்கே நேரமாகும், நூத்துக்கணக்குல படி. அப்போ பேசுங்க. கேட்டுக்கிட்டே எறங்குவேன்."

திடீர்னு அக்கா குரல் குறுக்க வந்துச்சு. அக்கா செட்ல இன்னும் கோடு இருந்துச்சா, அவளுக்குத் தங்கச்சி பேசுனது மட்டும்தான் கேட்டிருக்கு. "ஏய், யாருகிட்டடி மன்னிப்பு கேட்டுட்டு இருக்க? உனக்குப் பைத்தியம் முத்திடுச்சா? ஓவர்."

"அக்கா, மெனுல போய் கோடை ஜீரோ பண்ணு. முதல்ல பண்ணு, அப்புறம் பேசு. ஓவர்."

கொஞ்ச நேரம் கர்ருன்னுச்சு. "பண்ணிட்டேன். இப்போ என்ன? ஆமா, அந்த நோட்டீஸ் போர்டு வந்து பாத்துட்டுப் போயாச்சா? என்ன மூஞ்சியோட வந்துச்சு? ஓவர்."

அது செகரட்டரி கையில இருந்த செட்லயும் வந்துச்சு. நல்லா கணீர்னு வந்துச்சு.

இவ கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. புருஷன் மாதிரியே.

செகரட்டரி இவ செட்டை வாங்கிப் பட்டனை அமுக்குனாரு. "இன்னும் போகலம்மா. உங்க தங்கச்சி பக்கத்துலதான் நிக்குது இந்த மூஞ்சி. ஓவர்."

கீழ சைட்ல யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிறது மட்டும் நிஜக் காதுலயே கேட்டுச்சு.

"நீ என்னம்மா பண்ணிட்டு இருக்க?"ன்னாரு செகரட்டரி, இவ பக்கம் திரும்பி.

"கிளாம்ப்பைக் கழட்டுறேன் சார்."

"இறுக்கு. காத்து வருது, மறுபடியும் திரும்பிக்கிட்டு நிக்கப் போகுது. ஆறு மணிக்கு மேலதான் பேச்சு, பேசுறதுக்கு முன்னாடி கேக்கணும், அந்தக் கோடு கிட்ட யாரும் போகக் கூடாது. லிஃப்ட்ல ஒட்டிடுவேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் சாட்சிக்காகத்தான் கேட்டேன். நேத்து பாதிலயே நிறுத்திட்டீங்க"ன்னாரு.

"எதுல சார்?"

அவரு செட்டை வாய்க்கு நேரா வெச்சாரு, மூணு எண்ணுனாரு.

"மலைக்கு அந்தப் பக்கம் இருக்குறவங்களுக்கு. நேத்து டாக்டர் வாசல் வரைக்கும் போயிட்டு உங்க வீட்டுக்காரரு திரும்பிட்டாருன்னீங்க. அப்புறம் அந்தப் பல்லு என்ன ஆச்சு? ஓவர்."

இந்தத் தடவை வந்தது மாமா குரல், கன்னத்துல எதையோ அடக்கிக்கிட்டுப் பேசுற குரல். "அது வந்து சார்... இங்க சிக்னல் சரியா இல்ல... ஒண்ணும் கேக்கல..."

"எனக்கு க்ளியராக் கேக்குது"ன்னுச்சு கழுகு.

"எனக்கும்"னுச்சு சைட்ல கீழேர்ந்து பேசுற குரல்.

"எங்களுக்கும் கேக்குது மாமா"ன்னு கத்துனாங்க, எங்கயோ ஒளிஞ்சிருந்த அந்த ரெண்டு பொடிசுங்க.